இன்டெலா, ஏஎம்டியா? சிம் லிம் போகும் முன் போர்டைப் பாருங்கள்

பிள்ளை பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்ததும் டெஸ்க்டாப் கட்ட சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போகிறவர்கள், விலைப்பட்டியலில் முதலில் தேடுவது இன்டெலோ ஏஎம்டியோ செய்த பிராசஸரின் விலையைத்தான். என்னைக் கேட்டால் அந்தச் சில்லு பொருந்தும் மதர்போர்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு சில்லை மாற்றும்போது போர்டையும் மாற்ற நேர்ந்தால், வாங்குகிறவர் காசு கரைவது அங்கேதான்.

2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (சில்லு பொருந்தும் இடம்) கொண்ட போர்டு வாங்கிய பலர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி சில்லை அதிலேயே பொருத்திக்கொண்டார்கள். அதே காலத்தில் இன்டெல் 1151, 1200, 1700 என்று சாக்கெட்டை மாற்றிக்கொண்டே போனது, 2024இல் 1851. அதிலும் 8ஆம் தலைமுறைச் சில்லு, சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தும் பழைய போர்டில் ஓடவில்லை. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

இன்டெல் பக்கமும் வலு இருக்கிறது. 1700 போர்டுகளில் டிடிஆர்4 ரேம் ஏற்கும் வகையும் உண்டு. ஏஎம்5க்கு டிடிஆர்5 கட்டாயம். பழைய ரேம் கையில் இருந்து, காணொளித் தொகுப்பும் செய்பவருக்கு 12ஆம் தலைமுறை இன்டெல் இன்னும் நல்ல தேர்வு. 13, 14ஆம் தலைமுறைகளில் மின்னழுத்தச் சிக்கலால் சில சில்லுகள் நிலைகுலைந்தன. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பெட்டியில் விற்றவற்றின் உத்தரவாதத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆக்கியது. ஏஎம்டியும் தப்பவில்லை: 2023இல் சில எக்ஸ்3டி சில்லுகள் போர்டிலேயே கருகின, பயாஸ் மாற்றித்தான் சரிசெய்தார்கள்.

“இன்டெல் சொந்தத் தொழிற்சாலையில் செய்கிறது, ஏஎம்டி வெளியே கொடுக்கிறது” என்ற பழைய பேச்சு இப்போது பாதிதான் உண்மை. ஏஎம்டி 2009இல் தன் ஆலைகளைப் பிரித்துவிட்டது, குளோபல்ஃபவுண்டரீஸ் பிறந்தது. அடுத்து அது நம் சிங்கப்பூரின் சில்லு தயாரிப்பு நிறுவனமான சார்ட்டர்டையும் சேர்த்துக்கொண்டது. 2006இலேயே ஏஎம்டிக்குச் சில்லு செய்து கொடுத்த உட்லண்ட்ஸ் ஆலை சார்ட்டர்டுடையதுதான். இன்று ரைசனின் கணிப்புக் கோர்கள் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் ஆலைகளில் உருவாகின்றன. இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கும் அப்படியே.

விற்பனை பக்கத்தில் இன்டெலின் பழைய கதை கசப்பானது. கணினி நிறுவனங்களுக்குத் தள்ளுபடியும், ஒரு கடைத்தொடருக்குப் பணமும் கொடுத்து ஏஎம்டியை ஒதுக்கியதாக 2009இல் ஐரோப்பிய ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதை நீக்கியது. மறு ஆண்டு, ஏஎம்டி கணினிகளைத் தாமதப்படுத்தத் தயாரிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்த பகுதிக்கு மட்டும் ஆணையம் சுமார் 37.6 கோடி யூரோ விதித்தது. ஆகவே கடைக்காரர் ஒரே பெயரை அழுத்திச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் நான் சொல்வது ரைசன் 5 7600: ஆறு கோர், சூடு தணிக்கும் கூலர் பெட்டியிலேயே வரும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலும் திரை ஓடும். கணினி விளையாட்டுதான் முக்கியம், செலவும் கட்டுப்படியாகும் என்றால் ஏஎம்டியின் 9800எக்ஸ்3டி. எதுவானாலும் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாமல் விற்கும் ‘ட்ரே’ சில்லு சில வெள்ளி மலிவாகக் கிடைக்கலாம்; பழுதானால் விற்ற கடையைத்தான் நம்பியிருக்க வேண்டும்.