புற்றுநோய்ச் சோர்வுக்கான உளவியல் ஆலோசனை: ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுவந்த என் தாயார், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் உளவியல் பிரிவில், சிகிச்சைக் காலச் சோர்வுக்கென்றே அளிக்கப்படும் ஆலோசனையைப் பெற்றார். பேசினால் அசதி எப்படித் தீரும் என்று உறவினர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சோர்வு முற்றிலும் தீரவில்லை. ஆனால் இருக்கிற தெம்பை எதற்குச் செலவழிப்பது என்பதை அம்மாவே முடிவுசெய்யும் நிலைக்கு வந்தார்.

ஆலோசகர் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை முடிவுகளைத்தான் கேட்டார். இரத்தசோகை போன்ற காரணம் இருந்தால் அதற்கு மருத்துவம் பார்க்காமல் பேச்சால் மட்டும் பயனில்லை என்று அவர் சொன்னதிலேயே எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. பிறகு, செய்த வேலைகளையும் சோர்வின் அளவையும் 0 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணுடன் குறித்துவரச் சொன்னார். சற்றுத் தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த நாள் எழவே முடியாமல் அம்மா படுத்துவிடுவது அந்தக் குறிப்பில் தெளிவாகத் தெரிந்தது. எந்த வேலையை விட்டுக்கொடுக்க மனமில்லை என்று ஆலோசகர் கேட்டபோது, அப்பாவுக்குக் காலைக் காபி கலந்து கொடுப்பது என்றார் அம்மா. அது அவரிடமே இருந்தது; தேங்காய் துருவுவதும் துணி உலர்த்துவதும் எங்களிடம் வந்தன; உட்கார்ந்து காய் நறுக்க அடுப்படியில் ஒரு முக்காலி போட்டோம். பகல் தூக்கம் அரை மணி நேரத்துக்குள் நின்றது. ஓய்வெடுத்தாலும் நீங்காத சோர்வு இது, சோம்பல் அன்று என்பதை அப்பாவையும் உட்காரவைத்து விளக்கியதுதான், என் பார்வையில், இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி.

2017-இல் ஜாமா ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ ஆய்விதழில் வெளியான, 113 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு, இத்தகைய சோர்வுக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் கூடுதல் பயன் தருவதாகக் கூறுகிறது. எனினும், குணப்படுத்த இயலாத நிலையில் நோயின் தாக்கத்தைக் குறைக்கச் சிகிச்சை பெறுவோருக்கு இத்தகைய உளவியல் உதவி பயன்படும் என்பதற்குச் சான்றுகள் போதவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அதே ஆண்டுத் தொகுப்பாய்வு கூறியது. எனவே எல்லோருக்கும் ஒரே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

குறைகளும் உண்டு. கீமோதெரபி நாளிலேயே, களைத்துப்போன நேரத்தில் ஆலோசனை வைத்தார்கள். தொலைபேசியிலும் பேசலாம் என்பதை நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். சோர்வைக் குறிக்கும் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், அம்மாவுக்காக நோட்டில் கோடு போட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இப்படியொரு பிரிவு இருப்பதையே யாரும் தாமாக முன்வந்து சொல்லவில்லை. ஆகவே சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுப் பரிந்துரை வாங்கிக்கொள்வது நல்லது.