காப்பர் தெளிப்பான்: வீட்டுச் செடிகளின் இலைப்புள்ளி நோய்க்கு வாங்கலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் செடி வளர்ப்போருக்கு இலைப்புள்ளி நோய் புதிதன்று. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இலையின் மேல் சில மணி நேரம் நீர் காயாமல் நின்றால் போதும், பூஞ்சை வித்துகள் முளைத்து உள்ளே இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது என் மணி பிளான்ட்டிலும் டிரசீனாவிலும் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் பரவியதால், செடிக் கடை ஒன்றில், தண்ணீர் கலக்காமல் அப்படியே தெளிக்கக்கூடிய அரை லிட்டர் காப்பர் பூஞ்சைக்கொல்லியை வாங்கினேன். விலை இருபது வெள்ளிக்குச் சற்றுக் குறைவு.

"ரெண்டு வாரத்துல புள்ளி எல்லாம் மறைஞ்சிடும்கா" என்றார் கடைக்காரர். மறையவில்லை, எந்த மருந்தாலும் அது நடக்காது. பூஞ்சை தின்று இறந்துபோன இலைத்திசு மீண்டும் பச்சையாவதில்லை. மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பயன்படத் தொடங்கிய காலம் முதல் செம்பின் வேலை ஒன்றுதான்: இலையின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கி, வந்து விழும் வித்துகளை முளைக்கும் நிலையிலேயே கொல்வது. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை அது தொடுவதில்லை. ஆகவே இந்தப் புட்டியைப் பழைய இலைகளைப் பார்த்து மதிப்பிடுவது முறையாகாது. அடுத்து வரும் துளிர்களைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலில் எனக்கு மனநிறைவே. புதிய இலைகள் பெரும்பாலும் புள்ளியின்றி வந்தன. ஆயினும் புகழ் முழுவதையும் மருந்துக்கே கொடுக்க எனக்கு மனமில்லை. நோயுற்ற இலைகளை வெட்டிக் குப்பையில் போட்டு, கத்தரிக்கோலை ஆல்கஹாலால் துடைத்து, நெருக்கியடித்து நின்ற தொட்டிகளை விலக்கி வைத்து, இலைகளை நனைக்காமல் மண்ணுக்கு மட்டும் காலையில் நீர் ஊற்றும் வழக்கத்தையும் அதே வேளையில் தொடங்கியிருந்தேன். இவற்றைச் செய்யாமல் தெளிப்பானை மட்டும் நம்புவோருக்குப் பணம் வீண்.

குறைகளும் உண்டு. செம்பு அடியில் படிந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்காவிட்டால் முனை அடைத்துக்கொள்கிறது. காய்ந்தபின் இலைகளில் நீலம் கலந்த வெண்கறை தங்குகிறது. வரவேற்பறைச் செடிக்கு அது அழகில்லை. அன்னாசிக் குடும்பத்து புரோமிலியாட் வகைகளைச் செம்பு கருக்கிவிடும் என்ற எச்சரிக்கை, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எளிதாகக் கிடைக்கும் வேப்பெண்ணெய் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இலைமேல் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய்க்கு, சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்த வேப்பெண்ணெய் நன்றாகவே உதவுகிறது. அந்தப் பூஞ்சை பெரும்பாலும் இலையின் வெளிப்புறத்திலேயே வாழ்வதால் எண்ணெய் அதை நேரடியாக மூடிவிடுகிறது. இலைப்புள்ளிக்கு அதன் பலன் குறைவு. நடைவழியில் தெளித்தால் வாடை அடுத்த வீட்டுக்கும் போகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காப்பருக்கு வாடை இல்லை. பாக்டீரியாவால் வரும் சிலவகைப் புள்ளிகளையும் அது தடுப்பதால், நோயை இனங்காண்பதில் சற்றுத் தடுமாறினாலும் முழு நட்டமாகாது. ஆனால் நீர் மிகுந்து வேர் அழுகியதால் இலை பழுத்தால், இரண்டாலும் பயனில்லை.

நான் வாங்கிய புட்டி அலங்காரச் செடிகளுக்கு மட்டுமே உரியது என்பதால், கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் அதைத் தெளிக்கவில்லை. பறித்து உண்ணும் செடிகளுக்கு, அவற்றுக்கு உரியது என்றும் தெளித்தபின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்றும் சீட்டில் குறிப்பிட்டுள்ள மருந்தையே வாங்க வேண்டும். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் செடிகளை அப்பால் எடுத்துச் சென்று தெளிப்பது கட்டாயம். செம்பு மீன்களுக்கு நஞ்சு, நத்தைகளுக்கும் இறால்களுக்கும் அது மிகச் சிறிய அளவில்கூட ஆபத்து. அதனாலேயே மிச்சத்தைக் கழிவுநீர்த் துளையில் கொட்டவும் கூடாது. ஏழெட்டுத் தொட்டிகள் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு அரை லிட்டரே அதிகம்.