"ரெயில் பிரஷர் லோ" என்றதும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் என்னுடையது. 2018 மாடல், பிஎஸ்4 (அப்போதைய புகை விதி), காமன் ரெயில் என்ஜின். அதாவது பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயில் நிற்கும், அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இன்ஜெக்டர் அதைப் பீய்ச்சும். ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான். போன ஆடி மாதம் இந்த வண்டிக்கு 98,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். டீசல் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஆரம்பத்தில் வந்த குறை சின்னதுதான். விடிகாலையில் லோடு எடுக்கக் கிளம்பும்போது செல்ப் ரொம்ப நேரம் இழுத்தது. இரண்டு நாள் கழித்து, முருங்கைக்காய் லோடோடு உடுமலை தாண்டும்போது என்ஜின் லைட் எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகவில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் ஓடும், மேடு வந்ததும் திரும்பவும் அதே கதை.

பைபாஸ் ஓரமாக இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைச் செருகினார்கள். பி0087 என்று பிழைக் கோட் வந்தது. "ரெயில் பிரஷர் லோ அண்ணே. நாலு இன்ஜெக்டரும் போயிருச்சு, பம்பும் போச்சு. இப்படியே ஓட்டுனா என்ஜினே உட்கார்ந்துரும்" என்றார் ஓனர். ஸ்கேனர் செருகி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பைப்பைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. லோடு வாடுகிற பதற்றத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை. முருங்கைக்காயை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, சரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். ரீகண்டிஷன் (பழசைச் சரிசெய்த) இன்ஜெக்டர் நான்கு 58,000, பம்ப் 32,000, லேபர் 8,500. அறுபதாயிரத்தைப் போனில் அனுப்பினேன், மீதியை வண்டி எடுக்கும்போது ரொக்கமாகக் கொடுத்தேன். கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு.

எங்கள் அப்பாவை இப்படி யாரும் ஏமாற்றியிருக்க முடியாது. கிணற்று மேட்டில் 5 எச்.பி. டீசல் என்ஜின் வைத்திருந்தார். ஓடாவிட்டால் டெலிவரி பைப்பை இரண்டு விரலால் பிடித்து, நாடி பார்ப்பது போலப் பார்ப்பார். டக் டக் என்று அடித்தால் பம்ப் சரி. அப்புறம் நாசிலைக் கழற்றி வெளியே வைத்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொல்வார். டீசல் பனி மாதிரி பீய்ச்சினால் நல்ல நாசில், சொட்டினால் மாற்ற வேண்டும். ஒரு ஸ்பேனரும் இரண்டு விரலும் போதும்.

காமன் ரெயிலில் அந்த வைத்தியம் செல்லாது. பழைய நாசில் 200 பார் (அழுத்தத்தின் அளவு) அளவில் திறக்கும். இதில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு தேங்கி நிற்கிறது. அந்த அழுத்தம் 1600 பார் வரை, சில என்ஜின்களில் அதற்கும் மேலே போகும். எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும் என்று ஈசியூ, அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர், முடிவு செய்கிறது. முதலில் துளி விட்டு, அப்புறம் முழுசாக விடுகிறது. பழைய டீசலின் கடகட சத்தம் குறைந்ததற்கும், மைலேஜ் கூடியதற்கும் இதுதான் காரணம். 1997இல் இத்தாலியக் கார் ஒன்றில் வந்த இந்த ஏற்பாடு இன்று நம் காய்கறி வண்டிவரை வந்துவிட்டது. நல்ல டிசைன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்ஜின் ஓடும்போது பழைய பழக்கத்தில் பிரஷர் பைப் நட்டைத் தளர்த்திவிடாதீர்கள். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். இந்தப் பயத்தால்தான் நாம் பானெட்டிலிருந்து தள்ளி நிற்கிறோம். அந்த ஓனர் என்னிடம் சம்பாதித்ததும் இந்தப் பயத்தை வைத்துத்தான்.

வண்டி திரும்பி வந்த மூன்றாம் நாளே ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) உதற ஆரம்பித்தது. கறுப்புப் புகை வேறு. போய்க் கேட்டால், "செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்" என்றார்கள். ஆயிரமும் ஓடியது, உதறலும் கூடியது. கடைசியில் கோயம்புத்தூரில் பம்ப், இன்ஜெக்டர் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் செய்த முதல் வேலை, டீசல் பில்ட்டரின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தது. பாட்டிலில் கால் பாகம் தண்ணீர், மேலே டீசல். பில்ட்டரும் நான் முன்பு போட்டதுதான், கறுத்துக் கட்டியாகியிருந்தது. "தம்பி, பில்ட்டர் அடைச்சாலும் இதே கோட்தான் வரும். பம்புக்குப் போற டீசலை அளந்து விடுற மீட்டரிங் வால்வு ஒட்டினாலும் வரும், சென்சார் பொய் சொன்னாலும் வரும். கோட் வர்றது கேள்விதான், பதில் இல்லை" என்றார். 98,500 வாங்கியவர்கள் பில்ட்டரைத் தொடவே இல்லை.

அடுத்து பேக் லீக் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் மிச்ச டீசல் திரும்பிப் போக ஒரு சின்ன ரிட்டர்ன் குழாய் இருக்கும். அந்தப் பக்கம் அழுத்தம் குறைவு. அதைக் கழற்றிவிட்டு, நான்கிலும் ஒளி ஊடுருவும் ட்யூப் போட்டு நான்கு பாட்டிலில் விட்டார். ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பாட்டில் அடியில் விரல்கடை அளவு. மற்ற இரண்டும் கழுத்துவரை ஏறிவிட்டன. எனக்கு மாட்டிய "ரீகண்டிஷன்" நான்கில் இரண்டு, ரெயில் பிரஷரையே வடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் இரண்டு விரலுக்குப் பதில் இந்த நான்கு பாட்டில். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அரை மணியில் செய்யக்கூடிய சோதனை இது.

இன்னும் இருக்கிறது. இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோட் பொறித்திருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் விடும் அளவில் மயிரிழை வித்தியாசம் இருப்பதால், மாற்றினால் புது கோட் எண்ணை ஈசியூவில் ஏற்ற வேண்டும். பெரியவர் ஸ்கேனரில் காட்டினார்: ஈசியூவில் இருந்தது கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பழைய கோட், மாட்டியிருந்தது வேறு கோட். உதறலுக்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் அந்தப் புதுப் பம்ப். டார்ச் அடித்துப் பார்த்தேன். போன வருடம் பெல்ட் மாற்றும்போது என் கை ஸ்பேனர் வழுக்கி விழுந்த கீறல், சில்வர் பெயிண்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. என் பம்பைக் கழுவி, பெயிண்ட் அடித்து, எனக்கே 32,000க்கு விற்றிருக்கிறார்கள்.

என் பழைய இன்ஜெக்டர்களைத் திருப்பிக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு" என்றார்கள். அது ஸ்கிராப் இல்லை, பழைய இன்ஜெக்டருக்கு ரீகண்டிஷன் செய்பவர்களிடம் நல்ல விலை உண்டு. அநேகமாக இன்னொருவர் வண்டியில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் வண்டியை விடும் முன் நான்கு இன்ஜெக்டரின் கோட் எண்ணையும் பம்ப் தகட்டு எண்ணையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பில்ட்டர் மாற்றி, பேக் லீக் டெஸ்டை உங்கள் கண் முன்னால் செய்யாமல் இன்ஜெக்டரைக் கழற்ற விடாதீர்கள். மாற்றினால் பழைய சாமான் உங்கள் கைக்கு வர வேண்டும், பாகத்தின் எண் போட்ட ஜிஎஸ்டி பில் வேண்டும். நான் பில் வாங்காததுதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். "வாடகை வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்று அந்த ஓனர் மிரட்டினார். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவனுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டால் சொல்வார்கள். போனில் அனுப்பிய அறுபதாயிரத்துக்கான பதிவும், பெரியவர் கையெழுத்துப் போட்டுத் தந்த டெஸ்ட் ரிப்போர்ட்டும்தான் என்னிடம் இருக்கும் சாட்சி.

ஈசியூவில் அழியாமல் இருந்த என் பழைய நான்கு இன்ஜெக்டர் கோட் எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆடிக்கு அப்புறம் உடுமலை, பழனி, திண்டுக்கல் பக்கம் ரீகண்டிஷன் இன்ஜெக்டர் மாட்டியவர்கள் இன்ஜெக்டர் தலையிலிருக்கும் கோட் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒத்துப் பார்க்கிறேன். அது என்னுடையதாக இருந்தால் உங்கள் வண்டியிலிருந்து கழற்றச் சொல்ல மாட்டேன், எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.