மைக்ரோவேவில் பீஃப் ரோல்: ஏழு வருடக் கதை

பெரம்பூரில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இருந்தார். ரயில்வே குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவர் வீட்டில் 'பீஃப் ஆலிவ்' வேகும். பெயரில்தான் ஆலிவ், கறிக்குள் ஒன்றுகூட இருக்காது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பெயர். மெல்லிசாகச் சீவிய மாட்டுக்கறியில் ரொட்டித்தூள், வெங்காயம், புதினா, முட்டை வைத்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் கட்டி, குழம்பில் போட்டு ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் விடுவார். அதையே நான் மைக்ரோவேவில் செய்ய ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. மாதம் ஒரு தடவையாவது செய்துவிடுவேன்.

என்னுடையது 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மாடல், 900 வாட். கடைக்காரர் ஆட்டோ குக் பட்டனைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். இரண்டு முறை அமுக்கியிருப்பேன், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆன்ட்டி வைப்பது போலவே அவித்த முட்டையை முழுசாக உள்ளே வைத்துச் சுருட்டினேன். எட்டாவது நிமிடம் 'டப்' என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் மஞ்சள் கரு மேல் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரோல் வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்தது. முழு முட்டைக்குள் சேரும் நீராவிக்கு வெளியே போக வழியில்லை, வெடித்துவிடும். அன்றிலிருந்து முட்டையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் வைக்கிறேன்.

அடுத்த பாடம் கறி. ஃபுல் பவரில் வைத்தால் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் செருப்புத் தோலை மெல்வது மாதிரி இருக்கும். மாட்டுத் தொடைக்கறியில் உள்ள ஜவ்வு இளகிக் கூழாக மாற நேரம் வேண்டும், மைக்ரோவேவில் எவ்வளவு பவரைக் கூட்டினாலும் அதை அவசரப்படுத்த முடியாது. இப்போது என் கணக்கு இதுதான்: அரை கிலோவில் ஆறு ரோல், ஒரு கப் வெந்நீர் விட்ட வெங்காயம் தக்காளி மசாலா, கண்ணாடிப் பாத்திரம், மூடி. கொதி வரும்வரை ஃபுல் பவரில் ஐந்து நிமிடம். அப்புறம் 30 சதவீதத்தில் ஐம்பது நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். 30 சதவீதம் என்றால் என் பெட்டி மெதுவாகச் சூடாக்குவதில்லை. கொஞ்ச நேரம் முழு வேகத்தில் உறுமும், கொஞ்ச நேரம் தட்டு மட்டும் சும்மா சுற்றும். சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கணக்குப் போட்டால் மொத்தம் அரை யூனிட் கரண்ட்கூட முழுசாகப் போவதில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மட்டும் இன்னும் பத்து நிமிடம் சேர்க்க வேண்டியிருக்கும்.

ரோலின் நடுப்பகுதிதான் ஆபத்தான இடம். மைக்ரோ அலை கறிக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் போகும், அதற்கு மேல் உள்ளே போவதெல்லாம் வெளியிலிருந்து பரவும் சூடுதான். வெளியே வெந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பூரணம் வெதுவெதுப்பாக நின்றிருக்கும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். நடுவில் 74 டிகிரி காட்டினால்தான் இறக்குவேன். இறக்கிய பிறகும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுவேன்.

செவக்கும் வேலையை மைக்ரோ அலையிடம் எதிர்பார்க்காதீர்கள். ஈரம் இருக்கும்வரை கறியின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது, சாம்பல் நிறத்தில்தான் நிற்கும். அதனால் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். தையல் நூலால் கட்டியபோது கல்லிலேயே உருகி ஒட்டிக்கொண்டது. இப்போது பூக்காரம்மாவிடம் வாங்கிய வாழைநார், தண்ணீரில் ஊறவைத்தது. ஓரம் கொஞ்சம் கருகும், ஆனால் அறாது.

கறிக்கடையில் "ரோலுக்கு வேணும் பாய், அகலமா சீவிக் கொடுங்க" என்றால் போதும். அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற கறி) கேட்காதீர்கள், விலையும் அதிகம், இவ்வளவு நேரம் வெந்தால் வறண்டும் போகும். கறி மெத்தென்று ஆக பப்பாளிக்காய் விழுது ஒரு ஸ்பூன் தடவி அரை மணி நேரம் வைத்தால் போதும். ஒருமுறை ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன், காலையில் கறியைத் தூக்கினால் விரலோடு வந்தது.

குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிறதே என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். நியாயம்தான். வெறும் கறிக் குழம்பு என்றால் நானும் குக்கர்தான். ஆனால் ரோலைக் குக்கரில் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து குழம்போடு கலந்துவிடுகிறது.

பெட்டியைப் பொறுத்தவரை ஒரே ஒரு ரிப்பேர்தான். ஐந்தாவது வருடம் உள்ளே பொறி பறந்தது. வந்த மெக்கானிக் மேக்னட்ரான் (அலையை உண்டாக்கும் பாகம்) போச்சு என்று பெரிய தொகை சொன்னார். வேறொருவரைக் கூப்பிட்டேன். பக்கவாட்டில் அலை வரும் வழியை மூடியிருந்த மைக்கா தகட்டில் கொழுப்பு தெறித்துக் கருகியிருந்தது, அதை மட்டும் மாற்றினார். அதன் பிறகு மூடியில்லாமல் எதையும் வைப்பதில்லை. வாடை போக எலுமிச்சை பிழிந்த தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூடு ஆறுவதற்குள் துடைத்துவிடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டிக்கு இரண்டு ரோல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிரேவி நல்லா இருக்கு தம்பி" என்றார். ரோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.