பச்சை விளக்கைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்: ஸ்டாட்டிக் தரை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று இரவு தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மாத வாடகை. எங்கள் பட்டறைக்கு நாங்கள் கொடுக்கும் வாடகையில் மூன்று மாதத்துக்கான பணத்தைத் தரைக்கு பாலிஷ் போடக் கொடுத்தேன். அந்தத் தரை இப்போது யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஆபீஸ், கிடங்கு, கடை என்று எல்லா இடத்துக்கும் தரை பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுக்கும் வகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அமர்த்துவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது எலக்ட்ரானிக் போர்டு பழுது பார்க்கும் சின்னப் பட்டறை. தரையில் ஸ்டாட்டிக், அதாவது நிலைமின்சாரம், சேராமல் தடுக்கும் வினைல் டைல்ஸ் போட்டிருக்கிறோம். உள்ளே கரி கலந்த டைல்ஸ், அடியில் மின்சாரம் கடத்தும் பசை, அதிலிருந்து செப்புப் பட்டை வழியாக எர்த். நடக்கும்போது உடம்பில் சேரும் நிலைமின்சாரம், குதிகாலில் மாட்டும் மின்கடத்துப் பட்டையான ஹீல் ஸ்ட்ராப் வழியாக டைல்ஸுக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. பார்ப்பதற்குத்தான் மங்கிப்போய், கீறல் விழுந்து கிடந்தது. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் விழுந்தேன்.

வந்தவர் வாசலில் நின்று குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இது ஸ்டாட்டிக் தரைதானே? இதற்குச் சாதாரண பாலிஷ் ஆகாது" என்று அவராகவே சொன்னார். அதற்கு முன் வந்த இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. விஷயம் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் அப்போதே பாதி சரிந்துவிட்டேன். மீதிப் பாதியை அவர் பையிலிருந்த மீட்டர் சரித்தது. கைக்கு அடக்கமான கருவி. ஒரு மூலையில் தரையைத் துடைத்து, ஏதோ ஒரு திரவத்தைப் பூசினார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, மீட்டரை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது, தரை மின்சாரத்தைச் சரியாகக் கடத்துகிறது என்று அர்த்தம். "பாருங்க மேடம், பச்சை."

ஈரம் இருந்தால் எந்தத் தரையும்தான் பச்சை காட்டும். தினமும் மீட்டரும் கையுமாக இருக்கிறவள் நான். எனக்கு அது உறைக்கவில்லை! முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்றார். மூன்று மாத வாடகையை அன்றைக்கே கொடுத்தேன். குறைத்த பிறகுதான் அந்தத் தொகை.

இரண்டு இரவு வேலை. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன், இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரத்தில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்றது. அப்புறம் சரிசெய்து அனுப்பிய போர்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இதில் கொடுமை என்னவென்றால், நம் விரல் அதிர்ச்சியை உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். போர்டில் இருக்கும் நுணுக்கமான சில ஐசி சிப்புகளுக்கு 100 வோல்ட்டுக்குள்ளேயே கதை முடிந்துவிடும். அதுவும் பல சமயம் உடனே சாகாது. இங்கே சோதிக்கும்போது ஒழுங்காக ஓடும், வாடிக்கையாளர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கண்டுபிடித்தது எங்கள் டெக்னீஷியன் பையன்தான். "அக்கா, மேஜையிலேயே முடிகிற போர்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அலமாரிக்கும் மேஜைக்கும் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் வருகிறது" என்றான். மேஜையில் மணிக்கட்டில் மாட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப் இருக்கிறது, உடம்பில் சேரும் மின்சாரம் அதன் கம்பி வழியாக நேராக எர்த்துக்குப் போய்விடும். நடக்கும்போது தரைதான் கதி. அந்தத் தரைக்கும் எங்கள் காலுக்கும் நடுவில் நான் காசு கொடுத்துப் போட்ட பாலிஷ், கண்ணாடித் தாள் விரித்த மாதிரி.

தெரிந்தவரிடம் சரியான மீட்டரை இரவல் வாங்கினேன். 2.27 கிலோ எடையுள்ள எலக்ட்ரோடைத் தரையில் வைத்து, மறுமுனையை எர்த்தில் கொடுத்து அளப்பது. ஸ்டாட்டிக் பாதுகாப்புக்கான ஏஎன்எஸ்ஐ/இஎஸ்டி எஸ்20.20 தரநிலைப்படி தரையின் மின்தடை 100 கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பாலிஷ் போட்ட இடத்தில் எங்கே வைத்தாலும் அந்த அளவைத் தாண்டியது. பெரிய அலமாரியை நகர்த்தி, பாலிஷ் படாத பழைய டைல்ஸில் வைத்தேன். அழகாக அளவுக்குள் நின்றது. மங்கலான, கீறல் விழுந்த, நான் கூச்சப்பட்ட அதே டைல்ஸ்!

போன் செய்தேன். முதல் நாள், "காற்று வறண்டிருக்கு மேடம், அதனாலதான்." காற்று வறண்டால் ஸ்டாட்டிக் கூடும், உண்மைதான். ஆனால் அதே அறையில், அதே காற்றில்தானே அலமாரிக்குப் பின்னால் சரியாக இருக்கிறது? பதில் இல்லை. இரண்டாம் நாள் எங்கள் ஆட்களின் செருப்பு சரியில்லை என்றார். மூன்றாவது முறை வேறொருவர் எடுத்து, மேனேஜர் வெளியூர் என்றார். எந்த பாலிஷ் போட்டீர்கள், டப்பாவின் போட்டோவாவது அனுப்புங்கள் என்றேன். செய்தியைப் படித்ததற்கான டிக் விழுந்தது, அவ்வளவுதான். கடைசியாக நேற்று மாலை அந்த ஆளே பேசினார்: "பில்லைப் பாருங்க மேடம், ஸ்டாட்டிக்னு எங்கேயாவது எழுதியிருக்கா?" எடுத்துப் பார்த்தேன். 'தரை பராமரிப்பு' என்று இரண்டே வார்த்தை. மூன்று மாத வாடகைக்கு இரண்டு வார்த்தை.

இனி அந்த பாலிஷை முழுக்க உரித்தெடுத்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, காய வைத்து, மறுபடி அளக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு. திரும்பி வந்த போர்டுகளின் கணக்கை இன்னும் போடவில்லை, போடவும் தைரியம் இல்லை.

சரி, கேட்க வேண்டியவை. டப்பாவைக் கண்ணால் பாருங்கள், ஸ்டாட்டிக் தரைக்கான பாலிஷ் என்று அதிலேயே போட்டிருக்க வேண்டும். பில்லிலும் ஓம் கணக்கோடு எழுதி வாங்குங்கள். காய்ந்த பிறகு, முடிந்தால் மறுநாள், நீங்களே அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். தினசரி துடைக்க எண்ணெய் தடவிய மாப் வேண்டாம், சோப்புப் படலம் விடும் திரவமும் வேண்டாம், அமிலமோ காரமோ இல்லாத நியூட்ரல் கிளீனர் போதும். இன்னும் நிறைய எழுத நினைத்தேன். உரிக்கிற ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், இவர்கள் கொண்டுவந்த டப்பாவை முதலில் படித்துவிட்டு வருகிறேன்.