1.0 டிஎஸ்ஐ வண்டிக்கு ரீமேப்: எந்தப் பட்டறையில் சாவியைக் கொடுக்கலாம்?

ஸ்கோடாவின் ஸ்லாவியா, குஷாக், ஃபோக்ஸ்வேகனின் விர்ட்டஸ், டைகுன் நான்கிலும் வரும் 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) எஞ்சின் ஒன்றேதான். 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூவின் சாஃப்ட்வேரை மட்டும் திருத்துவது) போட்டால் 130, 140 குதிரைத்திறன் வரும் என்று எல்லாப் பட்டறையும் சொல்லும். டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் யாருக்கும் எண் ஏறும். சித்திரை வெயிலில், நெடுஞ்சாலை பங்க்கில் கிடைத்த பெட்ரோலை ஊற்றி, மூன்று வருடம் ஓட்டினாலும் அந்த எண் எஞ்சினைத் தின்னாமல் இருக்கிறதா என்று சோதித்துக் காட்டுகிறவரிடம்தான் காசு கொடுக்க வேண்டும்.

சென்னையிலும் கோவையிலும் மூன்று வகை ஆட்கள் கிடைக்கிறார்கள். லேப்டாப்பும் ஒயரும் பையில் வைத்து வீட்டு வாசலுக்கே வந்து அரை மணியில் முடிப்பவர்கள் ஒரு வகை. வெளிநாட்டு ட்யூனிங் பிராண்டின் ஏஜென்ட்டாக இருப்பவர்கள் இரண்டாவது. இவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்லேவ் டூல். அதில் வரும் ட்யூன் ஃபைல் பூட்டப்பட்டிருக்கும், ஒரு வரியைத் திருத்தவும் தலைமையகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சொந்தமாக வின்ஓஎல்எஸ் என்ற சாஃப்ட்வேரில் மேப் எழுதி, டைனோ என்ற திறன் அளக்கும் மேடையில் வண்டியை ஏற்றிச் சரிபார்ப்பவர்கள் மூன்றாவது. முதல் வகையைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது வகை மோசமில்லை. ஆனால், “லாக் (ஓட்டும்போது இசியூவிலிருந்து பதிவு செய்யும் அளவுகள்) சரியாக வராவிட்டால் ஃபைலை மாற்றித் தருவது யார், எத்தனை நாளில், எத்தனை தடவை?” என்று முதலிலேயே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

அடுத்த கேள்வி பெட்ரோல். ஐரோப்பிய ஃபைல்கள் 95 அல்லது 98 ஆக்டேனை (நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைத் தாங்கும் அளவு) நம்பி எழுதப்படுபவை. நம் ஊர் சாதாரண பெட்ரோலுக்கு பிஎஸ்6 விதித்த குறைந்தபட்ச அளவு 91. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்துவிட்டது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்க உதவும். ஆனால் இ10-ஐவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் எரிபொருளைத் தெளித்தாக வேண்டும். “எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைல் இது?” என்ற கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் நிற்க வேண்டாம். 100 ஆக்டேன் போட்டால்தான் ஓடும் என்றால் திருச்சி தாண்டி எத்தனை பங்க்கில் அது கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

லாக் என்பது வெறும் எண்கள் நிறைந்த பட்டியல். ஆனால் பட்டறையின் தரம் முழுக்க அதில் தெரியும். மூன்றாவது கியரில் 2000 சுற்றிலிருந்து 6000 வரை முழு மிதி. இசியூ கேட்ட பூஸ்ட் (டர்போ அழுத்தம்), கிடைத்த பூஸ்ட், லாம்டா (காற்று, பெட்ரோல் கலவை அளவு), உள்ளே போகும் காற்றின் வெப்பம், மூன்று சிலிண்டருக்கும் தனித்தனியாக இக்னிஷன் பின்வாங்கல் (நாக்கிங் வரும்போது இசியூ ஸ்பார்க்கைத் தாமதமாக்கும் அளவு) ஆகியவை அதில் இருக்க வேண்டும். 4500 சுற்றில் பின்வாங்கல் 0, 1.5, 0 டிகிரி என்றிருந்தால் நிம்மதி. மூன்றிலும் 4, 5 டிகிரி என்று நின்றால் அந்தப் பெட்ரோலுக்கு அந்த ஃபைல் பொருந்தவில்லை. ஒரே சிலிண்டரில் மட்டும் என்றால் ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். கேட்ட பூஸ்டுக்கும் கிடைத்ததற்கும் 150 மில்லிபார் இடைவெளி இருந்தால் எங்கோ காற்று கசிகிறது, இல்லையேல் டர்போ தன் எல்லையைத் தொட்டுவிட்டது. இந்த எஞ்சினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே, தண்ணீரால் குளிரும் அமைப்பாக இருக்கிறது. சூடேறினால் இறங்க நேரம் பிடிக்கும். அதனால் முதல் ஓட்டம் அழகாகத்தான் இருக்கும். இடைவெளி விடாமல் மூன்று ஓட்டம் எடுத்து, மூன்றாவதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டாக் ஃபைலில், அதாவது கம்பெனி போட்டுத் தந்த ஃபைலில், இதே லாக்கை எடுக்காமல் வேலையைத் தொடங்கும் பட்டறை பாதி வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஃபால்ட் கோடு, மிஸ்ஃபயர் கணக்கு, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்த பிறகுதான் ஒயரைச் செருக வேண்டும்.

சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களுக்கு எல்எஸ்பிஐ என்றொரு எமன் உண்டு. குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் ஏறும்போது, எண்ணெயும் பெட்ரோலும் கலந்த துளி ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க்கைப் பின்தள்ளி இதை அடக்க முடியாது. ஒரே அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம். எனவே 1500 சுற்றிலேயே முழு டார்க் என்று விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள். நல்ல ட்யூனர் 2000 வரை டார்க்கை ஏறக்குறைய ஸ்டாக்கிலேயே விட்டு, அதற்கு மேல்தான் கூட்டுவார். ஆயில் ஏபிஐ எஸ்பி தரத்தில் இருக்க வேண்டும் என்றும் அவரே சொல்வார்.

கியர்பாக்ஸ் பற்றி வாய் திறக்காத ட்யூனரையும் நம்ப முடியாது. 1.0 மேனுவலில் இருக்கும் எம்க்யூ200-க்கு வரம்பு 200 நியூட்டன் மீட்டர், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கான ஏக்யூ250-க்கு 250. 1.5 டிஎஸ்ஐ எஞ்சினும் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸும் உள்ள வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் இருக்கும் டிக்யூ200 உலர் கிளட்ச் பெட்டியின் வரம்பு 250, எஞ்சின் ஸ்டாக்கிலேயே அதே 250-ஐத் தருகிறது. அங்கே டார்க்கை ஏற்றுகிறவர் கிளட்சின் ஆயுளை எடுத்துத்தான் கொடுக்கிறார். மேனுவல் வண்டியில் நான்காவது கியரில் 2000 சுற்றில் முழுதாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் துள்ளினால் கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது. ரீமேப்பைத் தள்ளிவையுங்கள்.

இசியூவில் ஃபைலை எழுதும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட் அளவில் அசையாமல் நிறுத்தும் பவர் சப்ளை மாட்டியிருக்க வேண்டும், வீட்டு சார்ஜர் போதாது. இசியூவில் எழுதும்போது பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றி பேட்டரியை உறிஞ்சும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் இசியூ செத்துப்போகும், அதைக் கழற்றி பெஞ்சில் வைத்துத்தான் மீட்க முடியும். மலிவான நகல் டூல்களிலும் இதே ஆபத்து. அசல் ஃபைலின் பிரதி வேண்டும் என்றும் கேளுங்கள். ஓபிடி (வண்டியின் சோதனை சாக்கெட்) வழியில் பல நேரம் வண்டியிலிருந்து உண்மையில் எதையும் படிப்பதில்லை, சாஃப்ட்வேர் எண்ணைப் பார்த்து சர்வரிலிருந்து எடுப்பார்கள். எந்த வழியில் எடுத்தார்கள் என்பதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

டைனோ காகிதத்தில் முன்னும் பின்னும் ஒரே நாள், ஒரே கியர், ஒரே திருத்த அளவுகோல் (அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் முறை) இருக்கிறதா பாருங்கள். எஸ்ஏஇ-யில் ஒன்று, எஸ்டிடி-யில் ஒன்று எடுத்தாலே சுமார் 4 சதவீதம் காகிதத்தில் கூடிவிடும். மிதியை விடும்போது பட்பட்டென்று வெடிக்கவைக்கும் ஃபைல் வேண்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும். கன்வெர்ட்டரையே எடுத்துத் தருகிறோம் என்பவர் சட்டத்தையும் மீறுகிறார், மற்றவர்கள் மூச்சையும் கெடுக்கிறார்.

“வாரண்டிக்குப் பிரச்சினை வராது, திரும்ப ஸ்டாக் போட்டுவிடலாம்” என்பது பொய். சர்வீஸ் சென்டர் கருவி சாஃப்ட்வேர் மாறியிருப்பதைக் கண்டுகொண்டால் கம்பெனி சர்வரில் டிடி1 என்ற குறி விழும், ஸ்டாக் ஃபைல் போட்டாலும் அது அழியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும். இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லும் பட்டறைக்கு எங்கள் மதிப்பீட்டில் தனி மதிப்பெண்.

சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் ட்யூன் அழிந்துவிடும். மறுபடி எழுத எவ்வளவு, எத்தனை தடவை இலவசம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.