ரெடிமேட் ஆஸ்டியோகிளாஸ்ட் மீடியம் கிட்: செல் நன்றாக வருகிறது, உள்ளே என்ன என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும், எலும்பைக் கரைக்கும் செல்களை லேபில் உருவாக்க விற்கும் கிட் இது. அடிப்படை மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) ஒரு பாட்டில், சப்ளிமென்ட் என்று ஒரு சின்னக் குப்பி, செல்லை ஆஸ்டியோகிளாஸ்டாக மாறத் தூண்டும் ராங்க்-எல் என்ற புரதம் தனியாக. கலந்து ஊற்றினால் போதும். சுண்டெலி மஜ்ஜை செல்லில் ஐந்தாறு நாளில் பெரிய பெரிய ஆஸ்டியோகிளாஸ்டுகள் வந்துவிடுகின்றன, அவற்றை அடையாளம் காட்டும் ட்ராப் சாயம் பளிச்சென்று பிடிக்கிறது, மூன்று உட்கருவும் அதற்கு மேலும் உள்ளவற்றை ஆஸ்டியோகிளாஸ்ட் என்று எண்ணும்போது தட்டில் குழிக்குக் குழி (வெல்) பெரிய வித்தியாசமும் இல்லை.

வம்பே அந்தக் குப்பியில்தான். லேபிளில் 'சீரம், வளர்ச்சிக் காரணிகள்' என்று மட்டும் போட்டிருக்கிறது, அளவு கேட்டால் வணிக ரகசியமாம். முன்னோடி செல்களைப் பிழைத்துப் பெருக வைக்கும் எம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் எவ்வளவு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்திருக்கிறார்களா, எதுவும் தெரியாமல் ஒரு மருந்தைப் போட்டுச் செல் குறைந்தது என்று எப்படி எழுதுவது? ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் வேறு சும்மா இருக்கும் பொருளில்லை. அதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி உண்டு, ஹார்மோன்கள் உண்டு, சில லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சும் இருக்கும். இந்த எண்டோடாக்சின் ரொம்ப விசித்திரம்: ராங்க்-எல் படுவதற்கு முன்பே செல்லைத் தொட்டால் ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதையே தடுக்கும், ராங்க்-எல் பட்டு மாறத் தொடங்கிய செல்லை இன்னும் தூண்டிவிடும். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், மீடியத்தில் பிஎச் காட்டப் போடும் ஃபீனால் ரெட் சாயத்துக்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு, அது இல்லாத பாட்டிலோ கரித்தூளில் ஹார்மோன் நீக்கிய சீரமோ இதில் கிடைக்காது.

அப்புறம் பிஎச். செல் உருவாவது வேறு, எலும்பைக் கரைப்பது வேறு. 7.4-இல் ஏறக்குறைய சும்மா கிடக்கும் செல், 7.0 பக்கம் இறங்கினால் குழி தோண்ட ஆரம்பித்துவிடும், அதனால் பிஎச்சைப் பிடித்து வைக்கும் பைகார்பனேட்டின் அளவையாவது சொல்லியிருக்கலாம்.

ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோபேஜ் செல் வைத்திருந்தால் காசு வீண், அதற்கு எம்-சிஎஸ்எஃப் தேவையே இல்லை, ராங்க்-எல் மட்டும் போதும். மனித ரத்த மோனோசைட் என்றால் இரண்டு மூன்று வாரம் ஆகும், குப்பி அதுவரை தாங்காது.

மாணவர்களுக்குச் செய்து காட்ட வாங்கலாம். ஆராய்ச்சிக்கு என்றால் ஆல்பா மெம் என்ற அடிப்படை மீடியம், 10 சதவீத சீரம், மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் எம்-சிஎஸ்எஃப், 50 முதல் 100 வரை ராங்க்-எல் என்று நீங்களே கலந்துகொள்வது மேல். சீரத்துக்கு மட்டும் சில லாட்களின் சாம்பிள் கேட்டு வாங்கி, செல் எண்ணிப் பார்த்துவிட்டு, நல்ல லாட்டை மொத்தமாக எடுத்து வைத்துவிடுங்கள்.